‘உங்களுக்கு வீடு தர முடியாது’: வாடகைப் பாகுபாட்டுக்குச் சட்டத்தில் என்ன வழி?

டு-லெட் போர்டைப் பார்த்துப் போன் செய்தால் வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், பைக் நிறுத்த இடம் எல்லாம் பேசி முடியும். அதற்கப்புறம்தான் "சொந்த ஊர் எது?" என்ற கேள்வி வரும். ஊர்ப்பெயர் போதவில்லை என்றால் ஊருக்குள் எந்தப் பக்கம் என்பார்கள். அதிலும் பிடி கிடைக்கவில்லை என்றால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே கேட்பார்கள். மறுநாள் பதில் வரும்: "வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சாச்சு." போர்டு மட்டும் அடுத்த வாரமும் அதே கேட்டில் தொங்கும்.

இது சட்டவிரோதம் இல்லையா, புகார் கொடுத்தால் எடுபடுமா என்ற கேள்விகளுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. வாடகை வீட்டில் பாகுபாடு காட்டுவதை எல்லோருக்கும் பொதுவாகத் தடை செய்யும் ஒரு தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் சில பிரிவினருக்குக் கறாரான சட்டங்கள் இருக்கின்றன. குடியேறிவிட்ட பிறகு, யாராக இருந்தாலும், வாடகைச் சட்டம் கை கொடுக்கிறது. எந்தப் பாதுகாப்பு யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்பதில்தான் குழப்பம். தமிழ்நாட்டை வைத்து அதைப் பார்க்கலாம்.

முதலில் தெளிவாக வேண்டிய இரண்டு கேள்விகள்

1. சாவி கைக்கு வந்துவிட்டதா, இல்லையா? வீடு கேட்டு மறுக்கப்பட்டவர் சட்டத்தின் பார்வையில் இன்னும் வாடகைதாரர் அல்ல. அவருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒப்பந்தமே கிடையாது. குடியேறியவரின் நிலை வேறு. அவருக்கு அந்த வீட்டின் மீது சுவாதீனம், அதாவது வீட்டைத் தன் கைவசம் வைத்திருக்கும் நிலை, இருக்கிறது. அதை வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் பிடுங்க முடியாது.

2. எந்தக் காரணத்துக்காகப் பாகுபாடு? சாதியா, மதமா, திருநர் என்பதா, உடல் குறைபாடா, கல்யாணம் ஆகவில்லை என்பதா, கறி சாப்பிடுவதா? கேட்பவருக்கு வலி ஒன்றாக இருக்கலாம். சட்டம் இவற்றை ஒரே தட்டில் வைக்கவில்லை.

இந்த இரண்டில் முதல் கேள்வியைத்தான் பலரும் தவற விடுகிறார்கள். ‘பாகுபாடு’ என்ற சொல்லை வைத்தே வழக்கைக் கட்டப் பார்க்கிறார்கள். குடியேறியவருக்குப் பல சமயம் அந்தச் சொல்லே தேவைப்படாது.

அரசமைப்பு நேரடியாக உதவாதது ஏன்?

"சமத்துவம் அடிப்படை உரிமை இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். உரிமைதான். ஆனால் யாருக்கு எதிரான உரிமை என்று பார்க்க வேண்டும். அரசமைப்பின் 15(1) பிரிவு, மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காக மட்டுமே ஒரு குடிமகனிடம் ‘அரசு’ பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மாடியில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடும் தனிநபர் அரசு அல்ல. வீடு தருவது தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் போன்ற அரசு அமைப்பாக இருந்தால் கதை வேறு. அங்கே பாகுபாடு நடந்தால் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

15(2) பிரிவு தனிநபர்களையும் கட்டுப்படுத்துகிறது. கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றுக்குள் நுழைவதை இந்தக் காரணங்களைச் சொல்லி யாரும் தடுக்கக்கூடாது. பட்டியலில் வாடகை வீடு இல்லை. ஆனால் ‘கடை’ என்ற சொல்லுக்கு ஒரு சுவாரசியமான வரலாறு உண்டு. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இந்தச் சொல்லைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, அம்பேத்கர் அதை மிக விரிவான பொருளில் விளக்கினார்: நாடி வருகிற யாருக்கும் தன் சேவையைத் தரத் தயாராக இருக்கும் ஒருவரின் இடம் எதுவோ அது கடை. 2011-இல் இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு, தனியார் கல்வி நிறுவனங்களும் 15(2)-க்குள் வரும் என்றது.

தெருவில் போகிற வருகிறவர்கள் பார்க்க போர்டு மாட்டுபவரும், இணையத்தில் விளம்பரம் போடுபவரும் அப்படித்தானே பொதுமக்களை அழைக்கிறார்கள்? இந்த வாதத்தை ஒரு வழக்கறிஞர் வலுவாகவே வைக்கலாம். குறிப்பாக லாட்ஜ், சர்வீஸ் அபார்ட்மென்ட், பணம் கட்டித் தங்கும் விடுதிகள் ‘ஹோட்டல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் இந்த வாதத்தை மட்டும் நம்பி ஒரு சாதாரண வாடகை வீட்டுக்காக வழக்குக்குப் போவது நீண்ட, செலவு பிடிக்கும் பயணம்.

17-ஆம் பிரிவு இவற்றிலிருந்து மாறுபட்டது. தீண்டாமையை அது ஒழிக்கிறது. எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் தடை, யார் கடைப்பிடித்தாலும் தடை. அரசு, தனியார் என்ற பிரிவே அதில் இல்லை. சாதி அடிப்படையிலான மறுப்புக்கு எதிரான சட்டங்கள் இந்த வேரிலிருந்துதான் வருகின்றன.

வீட்டுக்காரர் கையில் இருக்கும் வாதம்

"என் வீடு, நான் விரும்பியவருக்குத் தருவேன்." சட்ட மொழியில் இதற்கு ஒப்பந்தச் சுதந்திரம் என்று பெயர். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி டு-லெட் போர்டு ஒரு முன்மொழிவுகூட அல்ல, முன்மொழிய வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே. வருபவரை ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். வருமானம் போதாது, முந்தைய வீட்டில் வாடகை பாக்கி, சின்ன வீட்டுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள் போன்ற காரணங்களுக்காக மறுப்பதில் எந்தத் தவறும் இல்லை.

இந்தச் சுதந்திரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படுவது 2005-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு. அகமதாபாத்தில் பார்சிகளுக்கான கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் ஒன்று, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்திருந்தது. சங்கம் அமைக்கும் உரிமைக்குள் இது வரும், சட்டம் தடுக்காதவரை இந்த விதி செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வாடகையைப் பற்றிய வழக்கு அல்ல இது. இருந்தாலும் ‘எங்க ஆளுங்களுக்கு மட்டும்’ என்று சொல்லும் குடியிருப்புகள் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் ஒதுங்கிக்கொள்கின்றன. அது தவறான முன்னுதாரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. தங்கள் பண்பாட்டைக் காக்க நினைக்கும் ஒரு சிறு சமூகத்துக்காகச் சொல்லப்பட்ட நியாயத்தை, பிறரைத் தள்ளி வைக்க நினைக்கும் பெரிய சமூகமும் எடுத்துக்கொள்ள முடிகிறது.

யாருக்கு நேரடிச் சட்டம் இருக்கிறது?

1. சாதியால் மறுக்கப்படுபவர்கள்

இருப்பவற்றில் கூர்மையான ஆயுதம், பலருக்கு நினைவிலேயே இல்லாத ஒரு பழைய சட்டம்: 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதையோ வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. பாகுபாடு காட்டுவதும் தடுப்பதற்குச் சமம் என்று அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும். அபராதத் தொகை இன்று சிரிப்பை வரவழைக்கலாம். சிறை அப்படியல்ல. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது.

12-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. "சாதிக்காகத்தான் மறுத்தார் என்று எப்படி நிரூபிப்பது?" என்று தயங்கி நிற்பவர்கள் இந்தப் பிரிவை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மறுப்பு நடந்தது என்பதைக் காட்ட வேண்டியது புகார் தருபவர்தான். மனதில் இருந்த காரணத்தைத் தோண்டி எடுக்கும் சுமை அவர் தலையில் முழுதாக விழாது.

அடுத்து 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பேச்சு வழக்கில் பி.சி.ஆர். என்றே குழப்பிச் சொல்லப்படுவது. பி.சி.ஆர். என்பது உண்மையில் மேலே சொன்ன 1955-ஆம் ஆண்டுச் சட்டம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்புக்கு உள்ளாக்குவது 3-ஆம் பிரிவில் குற்றம். கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மறுப்பதும் சேவைகளை மறுப்பதும் புறக்கணிப்பு என்ற வரையறைக்குள் வருகின்றன. வீடு தர மறுப்பது அதில் அடங்கும் என்று வாதிட இடம் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டை விட்டு வெளியேறும்படி செய்வதற்குத் தனிக் குற்றமே உண்டு, அங்கே வாதமே தேவையில்லை. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும் குற்றம், ஆனால் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது நடந்தது இதில் வராது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாசலில், மாடிப்படியில், தெருவில் பிறர் காதுபடப் பேசியிருந்தால் வரும். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. பொதுவாக முன்ஜாமீன் கிடையாது. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும்.

இங்கே தமிழ்நாட்டில் அதிகம் பேரைத் தொடும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினர். தலித் கிறிஸ்தவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவோ ‘எந்த நபருக்கு எதிராகவும்’ என்று பேசுகிறது. ஆகவே அவர்கள் அதன் கீழ் புகார் தர வழி இருக்கிறது, 12-ஆம் பிரிவின் அனுமானம் மட்டும் கிடைக்காது.

2. திருநர்கள்

2019-இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, குடியிருக்கவும் வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் உள்ள உரிமையை மறுப்பதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. தனிநபர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அந்தப் பிரிவை மீறினால் என்ன தண்டனை என்று அதே பிரிவில் பார்த்தால் ஒன்றும் இல்லை. தடை இருக்கிறது, பல் இல்லை. இருக்கும் வீட்டிலிருந்து வெளியேறும்படி செய்தால் மட்டும் 18-ஆம் பிரிவின் கீழ் தண்டனை வருகிறது.

3. எச்.ஐ.வி. உள்ளவர்களும் அவர்களோடு வாழ்பவர்களும்

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், வாடகைக்கு எடுக்கும் உரிமையை மறுப்பதைத் தடை செய்வதோடு, புகார் கேட்க மாநில அளவில் குறைதீர்ப்பாளரையும் ஏற்படுத்துகிறது. புகார் வந்து 30 நாளுக்குள் அவர் உத்தரவு போட வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. வீட்டுப் பாகுபாட்டைப் பற்றிய இந்தியச் சட்டங்களில் ஓரளவு முழுமையாக எழுதப்பட்டது இதுதான் என்று சொல்லலாம்.

4. மாற்றுத்திறனாளிகள்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு பாகுபாட்டைப் பொதுவாகத் தடுக்கிறது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம். சிவில் நீதிமன்றத்தைப் போல ஆட்களை அழைத்து விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

சட்டம் கைவிடும் இடங்கள்

மத அடிப்படையில் மறுக்கப்படும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், தனியாக வாழும் பெண்கள், கல்யாணம் ஆகாத ஆண்கள், கணவரை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள், வட மாநிலத் தொழிலாளர்கள் ஆகியோரும் தனியார் வீட்டுக்காரரின் மறுப்பைத் தட்டிக் கேட்க நேரடிச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டு வசதிச் சட்டமும், பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் மதத்தின் பேரில் வீடு மறுப்பதைத் தடுக்கின்றன. இங்கே 2006-இல், முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு சமவாய்ப்பு ஆணையம் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2017-இல் சசி தரூர் மக்களவையில் பாகுபாட்டுக்கு எதிரான தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். சட்டமாகாமல் அது காலாவதியானது. மாநிலங்கள் பின்பற்றுவதற்காக மத்திய அமைச்சரவை 2021-இல் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தில் பாகுபாடு பற்றி ஒரு வரிகூட இல்லை.

‘சைவம் மட்டும்’ என்பது இந்த இடைவெளியில் செழித்து வளர்ந்த ஒரு சொல். வீட்டுக்குள் கறி சமைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுவதைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் அந்தச் சொல் சாதிக்கான குறியீடாகப் பயன்படும்போது கதை மாறுகிறது. ஒரு எளிய சோதனை: "நான் சைவம்தான்" என்று பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் சொன்ன பிறகும் மறுக்கிறார்கள் என்றால், பிரச்சினை சாப்பாட்டில் இல்லை. அப்போது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுமானம் உள்ளே வருகிறது.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களைப் பொறுத்தவரை, அது குற்றம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் குஷ்பு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோவையில் திருமணமாகாத ஜோடி தங்கியதைக் காட்டி சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதி தொடர்பான வழக்கில், அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2019-இல் கூறியது. இந்தத் தீர்ப்புகள் போலீசையும் அதிகாரிகளையும் தடுக்கும். வீட்டுக்காரரை வீடு கொடுக்க வைக்காது.

குடியேறிய பிறகு: பாகுபாட்டை நிரூபிக்கவே தேவையில்லை

குடிவந்து மூன்று மாதம் கழித்து வீட்டுக்காரருக்குச் சாதியோ மதமோ தெரியவருகிறது. அல்லது வாடகைதாரர் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொள்கிறார். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க" என்கிறார்கள். கேட்காவிட்டால் தண்ணீர் நிற்கிறது, ஃபியூஸ் பிடுங்கப்படுகிறது. இந்தக் கட்டத்தில் வாடகைதாரரின் கை ஓங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. இதிலும் பாகுபாடு என்ற சொல் இல்லை. ஆனால்:

1. காலி செய்யச் சொல்லக் காரணங்கள் சட்டத்தில் பட்டியலாக இருக்கின்றன: வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்தியது, உரிமையாளருக்கே வீடு தேவைப்படுவது போன்றவை. வாடகைதாரரின் சாதியோ மதமோ அந்தப் பட்டியலில் இல்லை. வாடகைதாரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய் இவற்றில் ஒன்றை நிரூபித்தாக வேண்டும்.

2. தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசியச் சேவைகளை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வாடகை ஆணைய அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். சேவையைத் திரும்பத் தரும்படி அவர் இடைக்கால உத்தரவு போட முடியும்.

3. வாடகையை வாங்க மறுப்பது பழைய தந்திரம். இரண்டு மாதம் வாங்காமல் இருந்துவிட்டு, "பாக்கி வைத்திருக்கிறார்" என்று மனு போடுவார்கள். இதில் ஏமாந்து வீட்டை இழந்தவர்கள் அதிகம். மறுத்தால் வாடகையை மணியார்டர் போன்ற வழியில் அனுப்ப வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் வாங்காவிட்டால் வாடகை ஆணைய அதிகாரியிடம் கட்டலாம். சண்டை எவ்வளவு பெரிதானாலும் வாடகையை மட்டும் நிறுத்தவே கூடாது.

4. எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை ஆணையத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதைப் பலரும் ஒரு சம்பிரதாயமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். விளைவு மோசமானது: எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதே காலி செய்யக் கேட்க ஒரு காரணமாகச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. பாகுபாட்டை மறைக்க விரும்பும் வீட்டுக்காரருக்கு இதைவிட வசதியான கதவு வேறு இல்லை.

பூட்டை மாற்றி, சாமானைத் தெருவில் வைத்துவிட்டால்? 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டின் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சே எழாது. யார் குடியிருந்தார், எப்படி வெளியேற்றப்பட்டார் என்பது மட்டுமே கேள்வி. சொந்த வீடாகவே இருந்தாலும் வாடகைதாரர் சுவாதீனத்தில் இருக்கும்போது மிரட்டவோ தொந்தரவு கொடுக்கவோ உள்ளே நுழைவது அத்துமீறல் குற்றமாகும். அதற்குத் தனியாகப் போலீசில் புகார் கொடுக்கலாம்.

சான்று: வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்

மறுப்பவர்கள் காரணத்தை எழுதித் தருவதில்லை. ஆகவே நடந்த வரிசையைப் பதிவு செய்வதுதான் வேலை.

1. விளம்பரத்தையும் டு-லெட் போர்டையும் தேதியோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுத்த பிறகும் போர்டு தொங்கினால் மறுபடியும் ஒரு படம்.

2. பேச்சை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவருவது நல்லது. போனில் மறுத்தால், "வீட்டைக் கொடுக்க முடியாது என்று இன்று சொன்னீர்கள், என்ன காரணம் என்று சொல்ல முடியுமா?" என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்பலாம். பதில் வந்தாலும் சான்று, வராவிட்டாலும் செய்தி அனுப்பிய தேதி நிற்கும்.

3. வேறு சமூகத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரை, அதே வேலை, அதே வருமானம் சொல்லி, அதே வீட்டைக் கேட்க வைக்கலாம். காலையில் ‘முடிஞ்சிடுச்சு’ என்ற வீடு சாயங்காலம் அவருக்குக் காலியாக இருந்தால், அந்த நண்பர் நேரடிச் சாட்சி. பணம் செலவில்லாத, ஆனால் மிகப் பலமான சான்று இது.

4. புரோக்கர் சொன்னதை விட்டுவிடக்கூடாது. "ஓனர் உங்க ஆளுங்களுக்குத் தர மாட்டேங்கறார்" என்று வெளிப்படையாகச் சொல்பவர் பெரும்பாலும் அவர்தான்.

5. தான் பேசிய அழைப்பைப் பதிவு செய்திருந்தால், அந்தப் போனையே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் சிக்கல் குறையும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு உரையாடலை அழித்துவிடுவது பெரிய தவறு.

எங்கே போவது, எந்த வரிசையில்?

சாதி தொடர்பானது என்றால் முதலில் காவல் நிலையம். புகாரை எழுத்தில் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும், புகார் வந்ததைக் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பக்கூடாது. "பேசி சமாதானமாப் போயிடுங்க" என்று அனுப்பப் பார்ப்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். பதிய முன்விசாரணை தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. கடமையைச் செய்யாத அதிகாரிக்கு 4-ஆம் பிரிவில் தண்டனையும் உண்டு. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் புகார், அதற்கும் அசையாவிட்டால் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் என்று போக வேண்டும். வன்கொடுமை வழக்குகளுக்கான தேசிய உதவி எண் 14566. தமிழ்நாட்டில் 2021-இல் அமைக்கப்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையத்திலும் மனு தரலாம். போலீஸ் அசையாத இடங்களில் ஆணையத்திலிருந்து போகும் ஒரு கடிதம் சில நேரம் வேலை செய்யும்.

குடியிருப்பவரின் பிரச்சினை என்றால் வாடகை ஆணைய அதிகாரி, பிறகு வாடகை நீதிமன்றம், அதன் மேல் வாடகைத் தீர்ப்பாயம். மதத்தின் பேரில் மறுக்கப்பட்டவர்கள் சிறுபான்மையினர் ஆணையத்தையும் மனித உரிமை ஆணையத்தையும் அணுகலாம். வீட்டுக்காரரைக் கட்டிப்போடும் உத்தரவு அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புகார் பதிவாகும், அவ்வளவுதான்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பது ஒரு தடையாக இருக்கக்கூடாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு இருக்கிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இதற்கான அலுவலகம் இருக்கும், உதவி எண் 15100.

எதை எதிர்பார்க்கலாம்?

மறுக்கப்பட்ட நிலையில் மேலே சொன்ன வழிகளில் பெரும்பாலானவை அந்த வீட்டை வாங்கித் தராது. குற்றவியல் வழக்கு வீட்டுக்காரரைத் தண்டிக்கலாம், வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் என்றால் அரசின் நிவாரணத் தொகையும் கிடைக்கலாம். "இவருக்கு வீட்டைக் கொடு" என்று உத்தரவிடும் ஏற்பாடு மிக அரிது. வேலைக்காக ஊர் மாறி வந்து, லாட்ஜில் தங்கி வீடு தேடுபவருக்கு இரண்டு வருட வழக்கில் என்ன லாபம் என்ற கேள்வி நியாயமானது. வேறு வீட்டைப் பார்த்துக்கொண்டே புகாரையும் நடத்துவதுதான் பெரும்பாலோருக்குச் சாத்தியமான வழி. வீடு வேறு இடத்தில் கிடைத்துவிட்டது என்பதால் புகார் செல்லாமல் போவதில்லை, குற்றம் மறுத்த அன்றே நடந்து முடிந்துவிட்டது.

வெளியேற்றப்பட்டவரின் கணக்கு வேறு. அவர் வீட்டையே திரும்பக் கேட்க முடியும். ஆனால் அந்த ஆறு மாதக் கெடு பூட்டு மாற்றப்பட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். போலீசில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த நாட்களைச் சட்டம் கழித்துத் தராது.